கற்படியிலிருந்து ஏழு தப்படி

போனை ஊறுகாய் பாட்டிலில் சாய்த்து வைத்திருந்தேன். திரையில் நெஸ்டாவின் மூக்கும் தாடையும் மட்டும் தெரிந்தன. எங்கள் பழைய ஊர்க்காரர், எண்பதை நெருங்கும் வயதில் வீடியோ கால் பேசக் கற்றுக்கொண்டவர். போனை இடுப்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டுதான் பேசுவார். கொஞ்சம் மேலே தூக்குங்கள் என்று சொன்னால் வானத்தைக் காட்டுவார்.

அன்று அவர் காட்டிய வானத்தில் வெளிச்சம் இருந்தது. இங்கே ஆக்லாந்தில், பிளாட் புஷ்ஷில் சனிக்கிழமை காலை ஏழு மணி. ஜூன் மாத மழை. ஹீட்டர் போட்டும் பாதம் சில்லிட்டது. அங்கே வேல்ஸில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எட்டு மணி, இன்னும் வெயில் போகவில்லை.

"உன் கணவர் பக்கத்தில் இருக்கிறாரா?" என்று நெஸ்டா கேட்டார். அவர் ஆங்கிலத்தில் பேசியதைத்தான் தமிழில் எழுதுகிறேன். இதையே மின்னஞ்சலிலும் இரண்டு தடவை எழுதியிருந்தார். இருவரும் இருக்க வேண்டும், நீ மட்டும் பேசினால் போதாது என்று.

இருக்கிறார் என்றேன். இவர் சிங்க் பக்கம் நின்று, நான் கழுவி வைத்த டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். பாத்திரம் கழுவச் சொன்னால் காது கேட்காத மனிதர். எனக்கு அப்போதே எரிச்சல் தொடங்கிவிட்டது.

சென்ற சில வாரங்களாக பாட்டனி டவுன்ஸில் துணிக்கடை வேலைக்குப் போன கதையைச் சொல்லி உங்களைச் சிரிக்க வைத்தேன். இந்த வாரம் சிரிப்பு குறைவு. ஆக்லாந்துக்கு வருவதற்கு முன்னால் நாங்கள் வேல்ஸில் ஒரு குக்கிராமத்தில் இருந்தோம். எங்கள் முதல் பிள்ளை அங்கே சேப்பல் என்கிற சின்ன தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறான். இருபத்து மூன்று நாள் வாழ்ந்தவன்.

அந்தச் சேப்பலை இப்போது விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் அதை வீடாக மாற்றுகிறார்கள். திங்கட்கிழமை தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோட்டத்தில் தோண்டப் போகிறார்கள். கல் நட்ட கல்லறைகளைத் தொட மாட்டார்கள். எங்கள் பிள்ளைக்குக் கல் இல்லை. அவன் எங்கே இருக்கிறான் என்று நாங்கள் காட்டினால், அங்கே முளையடித்து விட்டுவிடுவார்கள். அதற்காகத்தான் அந்த வீடியோ கால்.

ஒரு விரல்

ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினாலும் உங்களால் வாசிக்க முடியாது. மூன்று வருடத்துக்கு மேல் குடியிருந்த எனக்கே அது கடைசிவரை வாயில் நுழையவில்லை.

குன்றின்மேல் இருந்த முதியோர் இல்லத்தில் இவருக்கு நர்ஸ் வேலை. விசா கொடுத்தார்கள், போனோம். பேருந்து எங்களை ஒரு பாலத்தருகே இறக்கிவிட்டுப் போனது. இறங்கியதும் மூக்கில் ஏறியது ஈரக் கம்பளி வாசனையும் நிலக்கரிப் புகையும். சுற்றிலும் செம்மறியாடு. மனிதர் ஒருவரும் இல்லை. "ஊரு எங்கங்க?" என்று கேட்டேன். "இதுதான்" என்றார்.

கூன் விழுந்த கல்பாலம், ஒரு கார் மட்டும் போகும். எதிரே இன்னொரு கார் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போயாக வேண்டும். ஹார்ன் அடித்து நான் கேட்டதே இல்லை. வழிவிட்டவருக்கு, போகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலைத் தூக்குவார். அந்த ஊரில் வணக்கம், நன்றி, அனுதாபம் எல்லாமே அந்த ஒரு விரல்தான். முழுக் கையையும் ஆட்டினால் வெளியூர்க்காரர் என்று தெரிந்துவிடும். நான் ஆறு மாதம் முழுக் கையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

கடை ஒன்று உண்டு. அதன் மூலையிலேயே தபால் கவுண்டர். நான் உள்ளே போனதும் வேல்ஷ் மொழியில் ஓடிக்கொண்டிருந்த பேச்சு ஒரு கணம் நின்று, ஆங்கிலத்தில் தொடரும். என்னைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள் என்று முதலில் கோபப்பட்டேன். பிறகுதான் புரிந்தது. ஆட்டு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள், எனக்கும் புரியட்டும் என்று அதையே ஆங்கிலத்தில் பேசினார்கள். எனக்கு எதற்கு ஆட்டு விலை?

நெஸ்டா நடக்கிறார்

நெஸ்டாவின் வீடு பாலத்தை ஒட்டி. அங்கிருந்து போனைக் கையில் பிடித்தபடி சேப்பலுக்கு நடக்கத் தொடங்கினார். ஒரு கையில் ஊன்றுகோல். திரையில் ரோடு ஏறி இறங்கியது.

பாலம் வந்தது. கீழே ஆற்றில் தண்ணீர் குறைவு, கற்கள் தெரிந்தன. பிறகு கல்லால் கட்டிய பேருந்து நிழற்குடை. "இப்போது வாரத்துக்கு ஒரு நாள்தான் பஸ்" என்றார் நெஸ்டா. பிறகு சிவப்பு டெலிபோன் பெட்டி. போன் எப்போதோ போய்விட்டது, உள்ளே மாரடைப்பு வந்தால் நெஞ்சில் வைக்கிற மின்கருவியை மாட்டியிருந்தார்கள். நாங்கள் இருந்தபோது இவர் மழையில் அந்தப் பெட்டிக்குள் நின்றுதான் ஊருக்குப் பேசுவார். எங்கள் வீட்டில் சிக்னல் கிடைக்காது.

அந்தப் பெட்டியைப் பார்த்ததும் இவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கடை மூடிக் கிடந்தது. ஜன்னலில் பழைய தபால் ஸ்டிக்கர் மட்டும் பாதி உரிந்து ஒட்டியிருந்தது. பள்ளிக்கூடத்தையும் மூடிவிட்டார்களாம். போர் நினைவுத் தூணில் இருந்த பெயர்களை நெஸ்டா கேமராவில் காட்டினார். அதில் பாதிப் பேர் அவர் சொந்தக்காரர்கள். ஒரு டிராக்டர் கடந்து போனது. ஓட்டியவர் ஒரு விரலைத் தூக்கினார். என் கை மேசையில் இருந்தபடியே ஒரு விரலைத் தூக்கியது. நான் சொல்லாமல் அதுவாகத் தூக்கியது.

"இப்ப எதுக்கு ஊரெல்லாம் காட்டுறாங்க? நேரா அங்க போகச் சொல்லு" என்றார் இவர்.

"அவசரம்னா நீங்க போங்க டூட்டிக்கு. நான் பேசிக்கிறேன்."

"நெஸ்டா இருக்கச் சொன்னாங்கல்ல" என்று முனகினார்.

இருபத்து மூன்று நாள்

ஆகஸ்டில் பிறந்தான். முகிலன் என்று பெயர் வைத்தோம். இதயத்தில் பிறவிக் கோளாறு. ஒரு மணி நேர தூரத்தில் இருந்த ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். யார்மேலும் குற்றமில்லை. இருந்திருந்தால் கோபப்பட ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

எங்கள் நாமக்கல் பக்கம் பச்சைக் குழந்தையை எரிக்க மாட்டார்கள், புதைப்பார்கள். தகப்பன் கையில் தூக்கிப் போவான். பெண்கள் போகக் கூடாது. அடையாளம் வைக்கக் கூடாது. திரும்பும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது. ஊரில் ஆற்றங்கரை இருந்தது, சுற்றி மனிதர்கள் இருந்தார்கள். இந்த ஊரில் எங்கே போய்ப் புதைப்பது?

நெஸ்டாவின் தம்பி எம்ரிஸ்தான் சேப்பலுக்குச் செயலாளர். இவர் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். நீங்கள் என்ன மதம் என்று எம்ரிஸ் கேட்கவில்லை. பூட்ஸை மாட்டிக்கொண்டு, கொட்டகையிலிருந்து மண்வெட்டியை எடுத்துவிட்டுத்தான், "எப்போது?" என்று கேட்டாராம்.

அந்த நேரத்தில் நெஸ்டா என்னோடு எங்கள் சமையலறையில் இருந்தார். ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தார். ஒரு முழு ரொட்டியையும் தடவி அடுக்கினார். யாரும் தின்னவில்லை. எனக்குப் பால் கட்டி மார்பு வலித்தது. அதை அவரிடம் சொன்னேன். சொல்ல வேறு பெண்பிள்ளை அங்கே இல்லை. முட்டைக்கோஸ் இலையை ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து வந்து என்னிடம் கொடுத்தார். "மார்பில் வைத்துக்கொள், கார்யாத்" என்றார். கண்ணே என்பதற்கு அங்கே அந்தச் சொல்.

இவர் முழங்கால் வரை சேறோடு திரும்பி வந்தார். "எங்க வெச்சீங்க?" என்று கேட்டேன். குனிந்து சேறான பூட்ஸைக் கழற்றினார். மறுபடி கேட்டேன். "யூ மரத்துக்குக் கீழ" என்றார்.

நான் உட்கார்ந்த இடம்

யூ மரம் என்பது அந்த நாட்டுக் கல்லறைகளில் நிற்கும் மரம். இலை கறுப்பாகத் தெரிகிற அளவுக்குப் பச்சை. ஆடு தின்றால் செத்துவிடும். அந்தத் தோட்டத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. நாலு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும்.

பெண்கள் போகக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். பத்தாம் நாள் போய்விட்டேன். யார் தடுக்க அங்கே? பிறகு தினமும் போனேன். மத்தியானம் சமையல் முடித்துவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பையை விரித்து மரத்தடியில் உட்காருவேன். மழை பெய்தாலும் அந்த மரத்தடியில் நனையாது.

அவனிடம் பேசினேன். என்ன குழம்பு வைத்தேன், கடைக்காரம்மா என்ன சொன்னார், அவன் அப்பா எப்படிப்பட்ட மரக்கட்டை, எல்லாம். பள்ளிக்கூடம் விட்டுப் போகும் பிள்ளைகள் பார்ப்பார்கள். டிராக்டர்காரர்கள் விரலைத் தூக்கிவிட்டுப் போவார்கள். யாரும் நின்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. நல்ல ஊர், தொந்தரவு செய்யாத ஊர் என்று நினைத்துக்கொண்டேன்.

இவர் ஒரு நாள்கூட வரவில்லை. மூன்று வருடத்தில் ஒரே ஒரு நாள்கூட. கூப்பிட்டால், டூட்டி என்பார். டூட்டி இல்லாத நாளில், தலைவலி என்பார். தினமும் காலையில் பால் வாங்கப் போவதற்கு மட்டும் தலைவலி வராது. ஐந்து நிமிடத் தூரத்துக்கு அரை மணி நேரம் ஆக்குவார்.

அதை நான் மறக்கவில்லை. ஆக்லாந்து வந்தோம், மகள் தாரிணி பிறந்தாள், மவுண்ட் ஆல்பர்ட்டில் வாடகைக்கு இருந்து பிளாட் புஷ்ஷுக்கு மாறினோம். எந்தச் சண்டையானாலும் கடைசியில் நான் அங்கேதான் போய் நிற்பேன். "நீங்க கல்லு. பெத்த புள்ள கெடக்குற இடத்த எட்டிப் பார்க்காத ஆளு." இவர் பதில் சொல்ல மாட்டார். அவர் பதில் சொல்லாததே எனக்குச் சாட்சியாக இருந்தது. தாரிணிக்குக் கேட்டுவிடும் என்று கதவை மட்டும் சாத்துவார். அவளுக்கு நாங்கள் அண்ணனைப் பற்றிச் சொன்னதே இல்லை.

தோட்டத்துக்குள்

சேப்பல் வந்துவிட்டது. சாம்பல் நிறக் கல் கட்டடம், நெற்றியில் கட்டிய வருடம். கதவில் புதுப் பூட்டு. வாசலில் ஒரு சின்ன மண்தோண்டி இயந்திரம் நின்றது.

நெஸ்டா நின்றார். "இது ஏன் இப்போதே வந்திருக்கிறது?" என்று தனக்குள் சொன்னார். பிறகு ஏதோ வேல்ஷில் சொன்னார். அது நல்ல வார்த்தை இல்லை என்று குரலிலேயே தெரிந்தது.

பக்கத்துச் சந்து வழியாகத் தோட்டத்துக்குள் போனார். புல் முழங்காலளவு. யூ மரம் தெரிந்தது. அடிமரத்தைச் சுற்றி வெட்டிவிட்டிருந்தார்கள், யாரோ பார்த்துக்கொள்வது தெரிந்தது. காய்ந்து போன பூத்தண்டுகள் ஒரு ஜாம் பாட்டிலில் இருந்தன.

"ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லாக் கல்லறைக்கும் பூ வைப்போம், உனக்கு நினைவிருக்கும். டாஃபடில் வைத்தேன். எடுக்க மறந்துவிட்டேன்" என்றார் நெஸ்டா.

"இதுதான் நெஸ்டா. இந்த இடம்தான்" என்றேன். அழுகை வந்துவிட்டது. "இங்கே முளையடிக்கச் சொல்லுங்கள்."

நெஸ்டா மரத்தடியைக் கேமராவில் ஒரு சுற்றுக் காட்டினார். "அப்படியானால் நல்லது. மரத்துக்குப் பக்கத்தில் எதுவும் தோண்டவில்லை. அவர்கள் இன்றைக்கே தோண்டிவிட்டார்கள். எனக்குத் திங்கட்கிழமை என்றுதான் சொன்னார்கள். வாய்க்கால் அந்தப் பக்கம் போகிறது, சுவரோரம்." கேமராவைத் திருப்பினார். தூரத்தில் பழுப்பு மண் குவியல் நீளமாகத் தெரிந்தது.

பக்கத்தில் நாற்காலி இழுபட்டது. இவர் எழுந்துவிட்டார்.

"நெஸ்டா, சுவர்கிட்ட போங்க" என்று தமிழிலேயே சொன்னார். பிறகு நினைவு வந்து ஆங்கிலத்தில் சொன்னார்.

"எதுக்கு?" என்றேன்.

"மரத்தடியில இல்ல."

"என்ன இல்ல?"

"அவன். அவன் அங்க இல்ல. சுவரோரம்."

எனக்குப் புரியவில்லை. உண்மையாகவே புரியவில்லை. யாரைச் சொல்கிறார், எந்தச் சுவர் என்று கேட்டேன்.

"மரத்துக்குக் கீழ எப்படித் தோண்ட முடியும்? பூரா வேரு. எம்ரிஸ் எடுத்த எடுப்புல சொல்லிட்டாரு. ஊர்லருந்து எங்க அக்கா போன்ல சொன்னா. எங்கன்னு அவகிட்ட சொல்லாதடா, தாய்க்காரி போய் உக்காந்தா அந்த உசிரு அங்கேயே கெடந்து தவிக்கும், அடுத்த புள்ள தங்காதுன்னா. நீ விடாம கேட்டே. வாயில வந்தது மரம். நீ போய் உட்காருவேன்னு நான் நெனைக்கல. தெனமும் போவேன்னு நெனைக்கவே இல்ல. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

மூன்று வருடம். மழை, பனி, நான், அந்தப் பிளாஸ்டிக் பை. நான் பேசியது எல்லாம் ஒரு மரத்திடம். இவரை அடிக்கக் கை ஓங்கினேன். ஓங்கிய கையைப் பிடித்து மேசையில் அழுத்திக்கொண்டார். "அப்புறம் அடி. ஒரு நிமிஷம் இரு" என்றார்.

எண்ணிக்கை

சுவரில் ஏறி இறங்கிப் பக்கத்து வயலுக்குப் போக ஒரு கற்படி உண்டு. இவர் நெஸ்டாவிடம் சொன்னார். அந்தக் கற்படிக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். சுவரை இடக்கைப் பக்கம் விடுங்கள். என் தப்படிக்கு ஏழு. உங்களுக்கு ஒன்று கூட வரலாம். சுவரிலிருந்து ஒரு கை நீளம்.

ஒரு தடவைகூட யோசிக்காமல் சொன்னார். நேற்று அளந்து வந்தவர் சொல்வதுபோல.

அப்போதுதான் எனக்கு அந்த அரை மணி நேரம் ஞாபகம் வந்தது. பால் வாங்கப் போன அரை மணி நேரம். தினமும். நான் மத்தியானம் மரத்தடியில், இவர் காலையில் சுவரோரம். ஒரே தோட்டம்.

நெஸ்டா கற்படியில் முதுகை வைத்து நின்றார். போனைக் கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவருடைய பழுப்புச் செருப்பு ஒவ்வொன்றாகப் புல்லில் விழுந்தது. வாய்விட்டு எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று. ஊன்றுகோல் ஒரு கல்லில் தட்டியது. நான்கு. ஐந்து.

ஐந்தோடு நின்றுவிட்டார்.

"இன்னும் ரெண்டு" என்றார் இவர். "குறைந்தது ரெண்டு, நெஸ்டா."

"வாய்க்கால் இங்கே தொடங்குகிறது" என்றார் நெஸ்டா.

கேமரா குனிந்தது. வெட்டிய மண். சுவரோரமாக நேராகப் போகும் பள்ளம். ஓரத்தில் ஸ்லேட் கல் துண்டுகள், அறுந்த வேர்கள், ஒரு மண்புழு. வேறு எதுவும் இல்லை. நான் வேறு எதையோ தேடினேன். என்ன தேடினேன் என்று எழுத முடியவில்லை.

இவர் மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "எவ்வளவு ஆழம்? நெஸ்டா, எவ்வளவு ஆழம்?"

நெஸ்டா போனைக் குவியலில் சாய்த்து வைத்தார். முதல் தடவையாக அவரை முழுசாகப் பார்த்தேன். ரொம்பக் கிழவியாகிவிட்டிருந்தார். முதலில் ஒரு முழங்காலையும் பிறகு இன்னொன்றையும் தரையில் ஊன்றி, ஊன்றுகோலைப் பள்ளத்தில் விட்டு, தரை மட்டத்தில் விரலை வைத்துப் பிடித்து வெளியே எடுத்தார். கேமரா முன்னால் காட்டினார். ஊன்றுகோலில் முக்கால்வாசி மண் ஒட்டியிருந்தது.

இவர் பார்த்தார். தன் தொடையில் கையை வைத்து அளந்து பார்த்தார். பிறகு நெஞ்சில் கை வைத்தார்.

"எம்ரிஸ் இதுவரைக்கும் தோண்டினாரு. நான் போதும் போதும்னேன். நரி வரும், இன்னும் போகணும்னு தோண்டிக்கிட்டே இருந்தாரு. நான்தான் உள்ள எறங்கி வெச்சேன். வெளிய வர அவரு கை குடுத்தாரு."

மறுபடி நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார்.

"அப்ப இருக்கான்" என்றார்.

இத்தனை வருடத்தில் அவன் இருக்கிறான் என்று இவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. இருந்தான் என்றுகூடச் சொன்னதில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துவிட்டார். நான் அடிக்கவில்லை. தொடவும் இல்லை. தொடுகிற மனநிலை எனக்கு அப்போது இல்லை.

ஜாம் பாட்டில்

இவர் எழுந்து பின்பக்கக் கதவைத் திறந்து மழைக்குள் போய் நின்றார். நெஸ்டா இன்னும் அந்தப் புல்லில்தான் உட்கார்ந்திருந்தார், எழ முடியாமல்.

"உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"எங்கே என்று தெரியாது. எம்ரிஸ் யாரிடமும் சொல்லாமலே செத்துப்போனான். உன் கணவர் கேட்டுக்கொண்டாராம். ஆனால் மரத்தடியில் இல்லை என்று தெரியும். அந்த வேரில் யாராலும் தோண்ட முடியாது. ஊரில் எல்லோருக்கும் தெரியும்."

எல்லோருக்கும். கடைக்காரம்மாவுக்கு, டிராக்டர்காரர்களுக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு. ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு பெண் உட்கார்ந்து மூன்று வருடம் பேசியதை ஊரே பார்த்திருக்கிறது. பார்த்துவிட்டு ஒரு விரலைத் தூக்கிவிட்டுப் போயிருக்கிறது.

"பிறகு எதற்கு அங்கே பூ வைத்தீர்கள்?" கத்தித்தான் கேட்டேன். "வருஷா வருஷம், யாருக்கு?"

நெஸ்டா கையிலிருந்த மண்ணைத் தட்டினார். "நீ அங்கேதானே உட்காருவாய், கார்யாத்" என்றார்.

திங்கட்கிழமை

வாங்கியவர்கள் கெட்டவர்கள் இல்லை. நெஸ்டா அன்றே அவர்களைக் கூப்பிட்டுப் பேசினார். திங்கட்கிழமை காலை ஆட்கள் வந்ததும், இயந்திரம் வேண்டாம், மண்வெட்டியால் மூடுங்கள் என்று பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாராம். தண்ணீர்க் குழாய் இப்போது சேப்பலின் மறுபக்கம் போகிறது. மூடிய மண்ணும் நாலு மர முளைகளும் தெரிகிற படம் ஒன்று வந்தது.

அவன் கீழே இருக்கிறான் என்று சத்தியம் செய்ய யாராலும் முடியாது. ஓர் ஊன்றுகோலும், பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு மனிதனின் நெஞ்சும்தான் கணக்கு. இவர் அதை நம்புகிறார். நான் சில நாள் நம்புகிறேன்.

நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ள ஒன்பது நாள் ஆனது. சோறு போட்டேன், தின்றார். பத்தாம் நாள் நெஸ்டாவிடமிருந்து செய்தி. ஸ்லேட் கல்லில் பெயர் வெட்டித் தருகிறவர் ஒருவர் இருக்கிறார், எழுத்துகளைச் சரியாக அனுப்புங்கள் என்று.

சாயங்காலம் சமையலறை மேசையில், ஒரு பழைய உறையின் பின்பக்கம் இவர் ஆங்கிலத்தில் எழுதினார். கீழே தமிழில் எழுதினார். முகிலன். ல கோணலாகப் போனது.

தாரிணி ஃப்ரிட்ஜைத் திறக்க வந்தவள் எட்டிப் பார்த்தாள். பதினைந்து வயது. நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில் வரும். "ஹூ'ஸ் தட்?" என்றாள்.

நான் இவரைப் பார்த்தேன். கதவைச் சாத்த எழுந்திருப்பார் என்று எதிர்பார்த்தேன். எழுந்திருக்கவில்லை.

"உன் அண்ணன்" என்றார்.

ஃப்ரிட்ஜ் திறந்தபடியே இருந்தது. அது கீக் கீக் என்று கத்தத் தொடங்கும்வரை அவள் நின்றாள். நான் சொன்னேன். பிறந்தது, இருபத்து மூன்று நாள், பாலம், சேப்பல், எல்லாம். மரத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. இவர் அதையும் சொன்னார். தன் குற்றத்தைத் தானே மகளிடம் சொன்னார்.

அவள் அந்த உறையை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தமிழில், தட்டுத் தடுமாறி, "இப்ப அண்ணாக்கு எத்தன வயசு?" என்று கேட்டாள்.

அது எனக்கு மட்டுமே தெரிந்த எண் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். ஒவ்வொரு ஆகஸ்டிலும் நான் தனியாக ஒன்று கூட்டிக்கொள்வேன். யாரிடமும் சொன்னதில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சொல்லிவிட்டார்.

"பத்தொன்பது. வர்ற ஆகஸ்டு வந்தா."